உப்பில் ஊறியதும் பாகில் உறைந்ததும்: கனி காக்கும் தமிழ்ச் சொற்களின் வரலாறு



விளைந்த காயையும் கனிந்த பழத்தையும் கெடாமல் காத்து வைக்கும் தொழிலுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன? கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்து மூதாட்டியிடம் இவ்வினாவைக் கேட்டால், மாங்காய் ஒன்றுக்கே வடுமாங்காய், உப்புமாங்காய், அடைமாங்காய், வெந்தய மாங்காய், மாங்காய்த் தொக்கு, மாங்காய் வற்றல் என்று அடுக்கிக்கொண்டே போவார். அதே வீட்டில் பேத்தி கேமரன் மலையிலிருந்து வாங்கி வந்த ஸ்ட்ராபெர்ரிப் பழத்தைச் சீனியோடு காய்ச்சிப் புட்டியில் அடைத்தால், அதற்குப் பெயர் ‘ஜாம்’ என்ற ஒன்றுதான். அதுவும் இரவல் சொல்.

உப்பில் இட்ட பொருளுக்கு இத்தனை பெயர்களைத் தந்த மொழி, சீனியில் இட்ட பொருளுக்கு ஏன் இரவல் வாங்கியது? இந்த இரவலால் தமிழுக்கு இழப்பு நேர்ந்ததா? நேர்ந்தது என்றால் அது எந்த இடத்தில் நேர்ந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரை.

1. ஒரே பாட்டில் காடியும் கரும்பும்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. 500 அடிகளைக் கொண்டது. காஞ்சி நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழியிலுள்ள ஒவ்வொரு நிலத்திலும் கிடைக்கும் உணவைப் புலவர் எடுத்துரைக்கிறார். அந்தணர் இல்லத்தில் கிடைப்பனவற்றுள் மணமுள்ள மாவடுவைக் காடியில் இட்டு ஆக்கியதும் ஒன்று. பிஞ்சு மாங்காயைக் குறிக்க அவர் ஆளும் ‘வடி’ என்ற சொல்லே இன்றைய ‘மாவடு’வின் முன்னோர். ‘காடி’ என்பது புளித்த நீர். இற்றைத் தமிழில் ‘வினிகர்’ என்பதற்கு ஈடாகக் காடி என்று எழுதுகிறோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இச்சொல் தன் புளிப்பை இழக்கவில்லை.

அதே பாட்டில் மருத நிலத்தைக் கடக்கும்போது கரும்பு ஆலைகள் வருகின்றன. கரும்பை நெரிக்கும் எந்திரத்தின் ஓயாத ஓசையும், சாற்றைக் காய்ச்சும் அடுப்பின் புகையும் அங்கே சொல்லப்படுகின்றன. சாறு காய்ந்து திரண்ட பாகுக்கு ‘விசயம்’ என்று பெயர். இன்று அச்சொல் வேறொரு பொருளில் வழங்கும் சொல்லோடு ஒலியொத்து மறைந்துவிட்டது. ஆனால் ‘ஆலை’ மறையவில்லை. கரும்பை ஆட்டிய இடத்தின் பெயர், கிள்ளான் வட்டாரத்தில் செம்பனை எண்ணெய் எடுக்கும் இடத்துக்கும் ஆகிவந்திருக்கிறது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. காயைப் புளிப்பில் காக்கும் முறையும், கரும்புச் சாற்றைப் பாகாக்கும் முறையும் சங்க காலத் தமிழர் இருவேறு நிலங்களில் நன்கறிந்தவை. ஆயினும் கனியைப் பாகில் இட்டுக் காய்ச்சிச் சேமிப்பது அன்றாட வழக்காக வளரவில்லை. உப்பு கடற்கரையில் மலிவாகக் கிடைத்தது, வெயிலுக்கு விலையில்லை, இனிப்போ விழாவுக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது. மலிந்த பொருளைக்கொண்டே மக்கள் உணவைக் காப்பார்கள். மிகுதியாகச் செய்யும் தொழிலுக்கே மொழியும் மிகுதியான சொற்களைத் தரும்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. பழநி முருகன் கோயிலின் பஞ்சாமிர்தம் மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், கற்கண்டு, ஏலம் ஆகியவை கலந்தது. நீர் சேர்க்காமலும் அடுப்பில் ஏற்றாமலும் செய்யப்பட்டாலும் பல நாள் கெடாது. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இப்படையல், பழத்தை இனிப்பால் காக்கும் அறிவு தமிழரிடம் இருந்தது என்பதற்குச் சான்று. ஆனால் அது கோயிலுக்கு உரியதாக நின்றது. வீட்டுப் பரணில் ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஏற்படவில்லை.

2. ‘ஊறுகாய்’ என்ற வினைத்தொகை

வகுப்பறையில் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டாக ‘ஊறுகாய்’ என்பதை நாம் சொல்லிவருகிறோம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் அது இடங்கொடுக்கும். காலம் காட்டும் இடைநிலை மறைந்து நிற்பதே வினைத்தொகையின் இலக்கணம். இலக்கணத்தைச் சற்று ஒதுக்கிவிட்டுச் சாடிக்குள் பார்த்தால், இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். சாடியில் உள்ள காய் நேற்று ஊறியது, இன்று ஊறிக்கொண்டிருக்கிறது, அடுத்த மாதமும் ஊறும். காலத்தை மறைத்து வைத்த சொல், காலத்தைத் தடுத்து நிறுத்தும் பொருளுக்குப் பெயராயிற்று.

‘பழப்பாகு’ என்று ‘ஜாம்’ என்பதற்குத் தமிழில் ஓர் ஆக்கம் உண்டு. பழத்தால் ஆகிய பாகு என விரியும் இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பிழையற்ற சொல், பொருளும் தெளிவு. எனினும், முடிந்த பொருளின் பெயர் இது. செய்தொழில் இதனுள் இல்லை. ஊறுகாய் என்ற சொல்லை அத்தொழிலைச் செய்தவர்கள் ஆக்கினார்கள். பழப்பாகு என்ற சொல்லைப் பெயர் தேடியவர்கள் ஆக்கினார்கள். பாடநூலில் அது இருந்தும் நாவில் ஏறாததற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம்.

3. கப்பலில் சென்றவையும் வந்தவையும்

காத்து வைத்த உணவு பயணத்துக்கு உரியது. ஆகவே அதன் பெயர்களும் பயணம் செய்தன. மலாய் மொழியில் மாவின் கனிக்கு வழங்கும் ‘மங்கா’ நம் மாங்காயிலிருந்தும், ‘மெம்பெலாம்’ நம் மாம்பழத்திலிருந்தும் சென்றவை. காய்க்கும் பழத்துக்கும் நாம் போற்றும் வேறுபாடு கடல் கடந்தபோது கரைந்துவிட்டது. போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பா சென்ற ‘மாங்காய்’ ஆங்கிலத்தில் கனிந்த பழத்துக்கே பெயராயிற்று. நீண்ட கப்பல் பயணத்தில் பழம் தாங்காது. ஊறுகாயாகவே மாங்காய் இங்கிலாந்து சென்றது. அதனால் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் நூல்களில் ‘மேங்கோ’ என்பது ஊறுகாய் போடுதலையும் குறித்தது. வெள்ளரியையும் முலாம்பழத்தையும் ‘மாங்காய்’ ஆக்கினார்கள்!

எதிர்த்திசையிலும் சொற்கள் வந்தன. கோவாவில் 1563-இல் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர், பச்சைச் சேங்கொட்டையை உப்பில் இட்டுச் செய்வதை ‘அச்சார்’ என்று குறிக்கிறார். பாரசீகத் தொடர்புடைய அச்சொல் வட இந்திய மொழிகளில் ஊறுகாய்க்குப் பொதுப்பெயர். மலாயில் அது ‘அச்சார்’, ஈழத்தமிழில் ‘அச்சாறு’. ‘ஹல்வா’ என்ற அரபுச் சொல்லின் போக்கு இன்னும் சுவையானது. தமிழில் அல்வா என்றால் கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்த இனிப்பு. மலாயில் அது சீனியில் இட்டுக் காய்ச்சிய பழத்தையும் காயையும் குறிக்கும். ஒரே சொல் இரு சமையலறைகளில் இரு பொருளை ஏற்றிருக்கிறது.

ரொட்டியில் தடவும் ‘காயா’ நம் நாட்டு மாணவர் ஒவ்வொருவரும் அறிந்தது. முட்டை, தேங்காய்ப்பால், சீனி ஆகியவற்றை இளந்தீயில் கிளறிப் பாண்டான் இலையின் மணமேற்றிச் செய்வது. தமிழ்க் காதுக்கு அதில் ‘காய்’ ஒலிக்கலாம், உறவு ஏதுமில்லை. ‘வளமான’ என்று பொருள்படும் மலாய்ச் சொல்லே அது. ஐரோப்பியர் காலை உணவில் பழப்பாகு பெற்ற இடத்தை நம் காப்பிக் கடைகளில் காயா பெற்றது.

தொல்காப்பியர் செய்யுளில் வரும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோதே, வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு மொழியின் வீட்டில் ஓர் அறை ஒதுக்கிவிட்டார். மலாய்க்காரர் ‘ஜெம்’ என்று எழுதுவதும் நாம் ‘ஜாம்’ என்று சொல்வதும் ஒரே இரவல்தான். புதிய பொருளோடு புதிய பெயர் வருவது மொழிகளின் இயல்பு. அதனால் தமிழ் இளைத்துவிட்டது என்று வருந்த வேண்டியதில்லை.

4. சீனியும் தமிழர் உழைப்பும்

பழப்பாகு ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் எளியவர் உணவாக இல்லை. சீனி மலிந்த பின்னரே அது பரவியது. பிரிட்டன் 1874-இல் சீனி மீதான வரியை நீக்கியது. அதன்பின் பழப்பாகுத் தொழிற்சாலைகள் பெருகின. தொழிலாளர் வீட்டு ரொட்டியிலும் அது இடம்பெற்றது. மலிந்த சீனி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடையின் ஒரு பகுதி நம் முன்னோரைத் தொடுகிறது. மொரீசியசிலும் நேட்டாலிலும் கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். மலாயாவிலும், இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கரும்புத் தோட்டங்களே தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் வந்திறங்கிய முதல் இடங்களுள் அடங்கும். கிள்ளான் வட்டாரத்தில் காப்பியும் அதன்பின் ரப்பரும் செம்பனையும் அடுத்தடுத்து வந்தன. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல்தான் முடிவுற்றது.

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஒரு வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் என்றது அடுத்த வீட்டில் தேசிக்காய் ஊறுகாய். புளிப்பு நீருக்கு யாழ்ப்பாணத்தார் போர்த்துகீசியம் தந்த ‘வினாகிரி’ என்பர். மலாய்க்காரர் வடமொழி வழிவந்த ‘சுக்கா’ என்பர். ஒரே தெருவில் இத்தனை வழக்குகள் கலந்து வாழ்ந்தது மொழியியலாருக்கு ஒரு கருவூலம்.

5. மலையில் விளைந்த அயல் கனி

ஸ்ட்ராபெர்ரி நமக்கு மட்டும் அயற்கனி அன்று; இன்றைய வடிவில் அது ஐரோப்பாவுக்கும் பழையதில்லை. வட அமெரிக்க வகையும் சிலி நாட்டு வகையும் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தோட்டங்களில் கலந்து பிறந்ததே இப்போதைய பெரிய பழம். அதன் மேற்பரப்பில் விதைபோல் தெரிபவையே தாவரவியலார் கணக்கில் உண்மையான கனிகள். நாம் உண்ணும் சிவந்த சதை பூத்தளத்தின் பருத்த பகுதி. ‘செம்புற்றுப்பழம்’ என்ற தமிழாக்கம் இதற்கு உண்டு. வழக்கில் ஸ்ட்ராபெர்ரியே நிலைத்திருக்கிறது.

1885-இல் நிலஅளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்து எழுதிய மேட்டுநிலத்தை வளர்க்கும் திட்டம், 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே சென்று பார்த்த பின்னரே உருப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அத்தோட்டங்களின் உழைப்பிலும் தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் மேலேயுள்ள தானா ராத்தா போன்ற இடங்களின் குளிர், ஸ்ட்ராபெர்ரிக்கு உகந்தது. ஆனால் மலையிறங்கிய பழம் கோலாலம்பூர் வெப்பத்தில் இரண்டொரு நாளில் கசங்கிவிடும். வாங்கி வந்தவர் உடனே உண்ண வேண்டும். இல்லையேல் காய்ச்சிக் காக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குள் பழப்பாகு செய்யும் தொழில் நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

6. அடுப்படியில் தமிழ்

இனி அத்தொழிலைத் தமிழிலேயே சொல்லிப் பார்ப்போம். காம்பு நீக்கிக் கழுவித் துடைத்த ஸ்ட்ராபெர்ரி ஒரு கிலோ, சீனி முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை, எலுமிச்சை இரண்டு. பழத்தைச் சீனியோடு பிசிறி ஓரிரவு ஊறவைக்க வேண்டும். சீனி பழத்தின் நீரை வெளியே இழுக்கும். பழமோ சிறிது சீனியை உள்ளே வாங்கிக் கட்டுப்படும். அதனால் கொதிக்கும்போது சிதையாது. மறுநாள் அகன்ற பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறு சேர்த்து முதலில் இளந்தீயிலும், சீனி முற்றும் கரைந்த பின் பெருந்தீயிலும் காய்ச்ச வேண்டும். மேலெழும் நுரையை எடுத்துவிட வேண்டும். பாகு திரண்டு பதம் வந்ததும் இறக்கி, கொதிநீரில் தூய்மை செய்து உலர்த்திய புட்டியில் சூட்டோடு ஊற்றி மூடி இறுக்க வேண்டும். திறந்தபின் குளிர்ப்பெட்டியில் வைத்து ஈரமற்ற கரண்டியால் எடுக்க வேண்டும்.

இவ்விளக்கத்தில் உள்ள வினைகளை எண்ணிப் பாருங்கள்: பிசிறுதல், ஊறுதல், கட்டுப்படுதல், கரைதல், திரளுதல், உறைதல், இறுகுதல். ஒன்றும் இரவல் இல்லை. பெயர் அயலதாக இருந்தும் செய்முறை முழுவதும் தமிழாக இருக்கிறது. அதிலும் முதற்படி ‘ஊறவைத்தல்’. உப்பில் ஊறும் காயும் சீனியில் ஊறும் பழமும் ஒரே இயற்கை விதிக்கு உட்பட்டவை. உப்பும் சீனியும் நீரைத் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. நீர் கிடைக்காத நுண்ணுயிர் பெருக முடிவதில்லை. நன்கு காய்ச்சிய பழப்பாகில் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 65 பங்கு இனிப்பாக இருப்பதன் காரணம் இதுவே.

பழத்தைத் திரளச் செய்யும் பொருளைப் பிரெஞ்சு வேதியியலார் ஹென்றி பிரக்கோனோ 1825-இல் பிரித்தறிந்து ‘பெக்டின்’ என்று பெயரிட்டார். ‘உறைந்தது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. பாலில் மோரிட்டு ‘உறை ஊற்றினேன்’ என்று சொல்லும் தமிழ்ப் பெண்ணுக்கு இக்கருத்து புதியதா? ஸ்ட்ராபெர்ரியில் இந்த உறைபொருள் குறைவு. எலுமிச்சையின் புளிப்பு அது திரளத் துணை நிற்கிறது.

இவ்வனைத்திலும் பெரிய சொல் ‘பதம்’. கடல்மட்டத்தை ஒட்டிய கிள்ளானில் பழப்பாகு உறையும் நிலை வெப்பமானியில் 104 அல்லது 105 பாகை காட்டும். கேமரன் மலையில் தண்ணீரே 95 பாகையளவில் கொதித்துவிடும். ஆகவே பாகு உறையும் எண்ணும் ஐந்து பாகை குறையும். எண்ணை மட்டும் மனனம் செய்தவர் மலைமேல் பாகைக் கருக்கிவிடுவார். பதம் அறிந்தவருக்கு அவ்விடர் இல்லை. இரு விரலிடையே கம்பிபோல் நீண்டால் கம்பிப்பதம், நீரில் இட்டுத் திரட்டினால் உருண்டால் உருட்டுப்பதம் என்று அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு பார்த்த கைக்கு, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு அது சுருங்கி நிற்கிறதா என்று பார்ப்பது எளிய செயல். எண் இடத்துக்கு இடம் மாறும், பதம் மாறாது. ஓர் அறிவையே ஒரு சொல்லில் அடக்கிய அருமை இது.

7. இழப்பு எங்கே?

தொடக்கத்தில் எழுப்பிய மூன்றாம் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ‘ஜாம்’ என்ற பெயர்ச்சொல் வந்ததால் தமிழ் எதையும் இழக்கவில்லை. பிசிறுதல், பதம், வடு, அடை, உறை போன்ற சொற்கள் வீட்டில் ஒலிக்காமல் போவதுதான் இழப்பு. ஊறுகாயும் பழப்பாகும் கடையில் புட்டியாக வரும்போது, பொருளின் பெயர் மட்டும் நமக்கு எஞ்சுகிறது. செய்தொழிலின் சொற்கள் தொழிற்சாலைக்குள் தங்கிவிடுகின்றன. அங்கே அவற்றைத் தமிழில் சொல்வாரும் இல்லை.

இடமாற்றமும் இதற்குத் துணைபோகிறது. முற்றமிருந்த தோட்டத்து வீடுகளும் இரயில்வே குடியிருப்புகளும் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. பிற்பகல் மழை மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வற்றல் காயவைப்பது முன்பே அரிது. முற்றமும் இல்லாதபோது ‘வெயிலில் காட்டி எடு’ என்ற தொடருக்கு வேலையில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி பெரும்பணி. ஆயினும் மலாயாத் தமிழர் சமையலறையின் கலப்பு வழக்குகளைத் திரட்டுவது அதன் நோக்கம் அன்று. அப்பணி நம்முடையது.

நம் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் ஒரே ஒரு காத்துவைக்கும் உணவின் செய்முறையைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதி வரட்டும். ‘தேசிக்காய்’ என்றால் தேசிக்காய் என்றே எழுதட்டும். ‘அச்சார்’ என்றால் அதையும் அடிக்காமல் விடட்டும். சொல்லோடு பேசியவரின் ஊர், அகவை, முன்னோர் வந்த இடம் ஆகியவற்றையும் குறிக்கட்டும். ஆசிரியர் வினைச்சொற்களைத் தனியே தொகுத்து வகுப்பில் இலக்கணம் கற்பிக்கலாம். ஊறுகாயை மட்டும் சொல்லி ஓய்ந்த வினைத்தொகைப் பாடத்துக்கு அடைமாங்காயும் உதவிக்கு வரும். இயன்றால் ஒரு கிலோ பழம் வாங்கி மாணவர் கண்முன்னே காய்ச்சிக் காட்டுங்கள். பதம் என்ற சொல்லை அகராதியால் விளக்குவது கடினம். தட்டில் விழுந்த ஒரு சொட்டு அதை உடனே விளக்கிவிடும்.

புதிய பழம் வரட்டும்; அதன் பெயரும் அதனோடு வரட்டும். அதைக் காய்ச்சும் கை பேசும் மொழி தமிழாக இருக்குமானால், பெயரைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை. செய்முறைச் சொற்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். கேட்டு எழுத வேண்டிய காலம் இதுவே.